உங்கள் உடம்பில் எந்தத் தனிமம் எத்தனை கிலோ? கணக்கிடும் முறை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மனித உடலின் தனிமங்களைப் பற்றி அட்டவணை தயாரிக்கும் குமரி மாவட்ட மாணவர்கள், பாடநூலில் உள்ள சதவீதங்களை அப்படியே எழுதி ஒட்டாமல், தங்கள் எடையைக் கொண்டே கணக்கிட்டுக் காட்டலாம்.

எடையைக் கிலோவில் குறித்துக்கொண்டு, ஆக்சிஜனுக்கு 65, கார்பனுக்கு 18, ஹைட்ரஜனுக்கு 10, நைட்ரஜனுக்கு 3 என்று தனித்தனியே பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவரிடம் ஆக்சிஜன் மட்டுமே 39 கிலோ இருக்கும். இதற்கு மூச்சுக்காற்று காரணமன்று. உடலில் பாதிக்கு மேல் தண்ணீர், அந்தத் தண்ணீரின் எடையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜன். கொழுப்பு மிகுந்த உடலில் தண்ணீர் குறைவாக இருப்பதால் ஆக்சிஜன் சற்று இறங்கி, கார்பன் ஏறும் என்பதையும் அடிக்குறிப்பாக எழுதுக.

அடுத்து, அதே எண்களை அணு நிறையால் வகுக்க வேண்டும்: 65-ஐ 16-ஆல், 18-ஐ 12-ஆல், 10-ஐ 1-ஆல், 3-ஐ 14-ஆல். கிடைக்கும் விடைகளைக் கூட்டி, ஒவ்வொன்றும் அந்தக் கூட்டுத்தொகையில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். இப்போது வரிசை மாறுகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கே உள்ள ஹைட்ரஜன், அணுக்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழ 63 சதவீதமாகி முதலிடத்துக்கு வருகிறது. அட்டவணையில் இந்த இரண்டு வரிசைகளும் அருகருகே இருக்க வேண்டும். என் கருத்தில் கண்காட்சியின் உயிரே அதுதான்.

கால்சியம் 1.5 சதவீதம், பாஸ்பரஸ் 1 சதவீதம். கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் உள்ளது. இதைக் கண்ணால் காட்ட, சதை நீக்கிக் கழுவிய கோழிக்கால் எலும்பை வினிகரில் மூழ்கவைத்து, வினிகரை இடையிடையே மாற்றிவர வேண்டும். சில நாட்களில் அமிலம் கால்சிய உப்புகளைக் கரைத்துவிட, எஞ்சும் புரதம் ரப்பர்போல வளையும்.

சோடியத்துக்கும் குளோரினுக்கும் குமரி மாவட்டப் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பை ஒரு கிண்ணத்தில் வைத்தால் போதும். இரும்பு வளர்ந்த ஒருவரிடம் 4 கிராம் அளவிலும், அயோடின் 15 முதல் 20 மில்லிகிராம் அளவிலும்தான் உள்ளன. அயோடினில் பெரும்பகுதி தைராய்டு சுரப்பியில் இருக்கிறது. இவற்றைச் சதவீதத்தில் எழுதினால் யாருக்கும் விளங்காது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மிகுந்துள்ள டைட்டானியம், சிர்கோனியம், தோரியம் ஆகியவை உடலைக் கட்டும் தனிமங்கள் அல்ல என்பதைத் தனி அட்டையில் காட்டலாம். தோரியம் கதிரியக்கமுள்ளது, எனவே மணலை அள்ளி வராமல், படம் மட்டும் ஒட்டுக.