சிற்றிதழ்களில் லோ-ஃபை: தோட்டப் பட்டணத்திலிருந்து தேடிப் படிக்கும் முறை

லோ-ஃபை என்பது மலிவான கருவியில், பெரும்பாலும் வீட்டிலேயே பதிந்த, இரைச்சல் தெரியும் இசை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே, அமெரிக்கச் சிற்றிதழ்கள் அதைப் பற்றி என்ன எழுதின என்று முறையாக ஆராயலாம். கைப்பேசியும் ஒரு பழைய மடிக்கணினியும் போதும். ஆனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அந்த இசை பிறந்து பத்தாண்டு கழித்துத்தான் அந்தப் பெயர் பரவலாக ஒட்டிக்கொண்டது. 'லோ-ஃபை' என்று தட்டினால் தொண்ணூறுகளில் எழுதியவையே குவியும்; அதற்கு முந்தைய எழுத்து அப்படியே மறைந்துபோகும். பதிவுக் கருவியை வைத்துத் தேட வேண்டும்.

முதலில் காலவரிசையை ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 1979இல் டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற பதிவுக் கருவி வந்தது. சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்களை (டிராக்) தனித்தனியாகப் பதியலாம். அதே ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் 'ஓபி' இதழ் தொடங்கியது. இதழுக்கு ஓர் ஆங்கில எழுத்து என்று வைத்து, 26 எழுத்தும் முடிந்ததும் 1984இல் நிறுத்தினார்கள். கேசட்டுகளுக்கென்றே அதில் தனிப் பத்தி உண்டு. அதன் வழியில் 'ஆப்ஷன்', 'சவுண்ட் சாய்ஸ்' இரண்டும் வந்தன. 1986இல் நியூ ஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலியில், வீட்டில் பதிவான இசைக்காக வில்லியம் பெர்கர் நடத்திய நிகழ்ச்சிக்கு 'லோ-ஃபை' என்றே பெயர். லோ-ஃபைக்குப் பெயர்பெற்ற பேவ்மெண்ட் குழுவின் முதல் ஆல்பம் 1992இல் வந்தது, கைடட் பை வாய்சஸ் குழுவின் 'பீ தௌசண்ட்' ஆல்பம் 1994இல். அந்த ஆண்டுகளில் பெரிய இதழ்களும் சொல்லைப் பிடித்துக்கொண்டன. வீட்டுப் பதிவுக்காரர்களுக்கென்றே 'டேப் ஆப்' இதழ் தொடங்கியது 1996இல்.

அடுத்து கேள்வியைச் சுருக்குங்கள். 'சிற்றிதழ்கள் லோ-ஃபையை எப்படிப் பார்த்தன' என்பது ஒரு வாழ்நாள் வேலை. 'ஓர் இதழ், ஐந்து ஆண்டு, இரைச்சலைக் குறைபாடு என்றார்களா அழகு என்றார்களா' என்பது நான்கைந்து வார இறுதிகளில் முடியும்.

பழைய இதழ்களின் ஸ்கேன்கள் இருக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் தொடங்குங்கள். தேடல் பெட்டியில் உள்ளடக்கத்துக்குள் தேடும் வசதியைத் தெரிவுசெய்யாவிட்டால் தலைப்பு, விவரக் குறிப்பு போன்றவை மட்டுமே அகப்படும். கேசட், ஃபோர் டிராக், ஹோம் ரெக்கார்டிங், பெட்ரூம், பேஸ்மெண்ட் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். 'லோ-ஃபை' என்பதைக் கோடிட்டும், இடைவெளி விட்டும், சேர்த்தும், 'லோ ஃபிடெலிட்டி' என்று விரித்தும் தேடுங்கள். மலிவுத் தாளில் அச்சான பொடி எழுத்தை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) தப்பாகப் படிக்கும். 'எல்' எழுத்து 1 ஆகும், 'ஓ' 0 ஆகும். ஆகவே 10 என்ற எண்ணோடும் ஒரு முறை தேடிப் பாருங்கள். காலத்தை 2000க்கு முன் என்று கட்டாயம் வரம்பிடுங்கள். இல்லையென்றால் இன்றைய லோ-ஃபை ஹிப் ஹாப் எல்லாவற்றையும் மூடிவிடும்.

செம்பனைக் காட்டுக்குள் லைன் விட்டுவிட்டு வரும் இடங்களில் பிடிஎஃப் இறக்க முயன்று டேட்டாவைக் கரைக்காதீர்கள். அதே பக்கத்தில் வெறும் எழுத்துக் கோப்பு இருக்கும், அளவு மிகச் சிறியது. அதில் தேடி, பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, வேண்டிய பக்கத்தின் படத்தை மட்டும் பட்டணத்துக்கு வரும்போது எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க 'ஸ்பின்' இதழின் பழைய பிரதிகள் கூகுள் புக்ஸில் முழுதாக உள்ளன. 'தி வயர்' இதழின் பழைய பிரதிகளுக்குச் சந்தா வேண்டும்.

குறிப்பு எடுக்கும்போது இதழ், எண், பக்கம், எழுதியவர், மதிப்புரையா விளம்பரமா வாசகர் கடிதமா, எந்தக் கருவியில் பதிந்தது, ஒலியைப் பற்றிய சொல் என்று தனித்தனிக் கட்டம் வையுங்கள். விளம்பரக் கட்டம் மிக முக்கியம். இசை வெளியீட்டு நிறுவனம் விளம்பரத்தில் போட்ட வாசகத்தையே விமர்சகர் எடுத்து எழுதுவதுண்டு. இரண்டையும் கலந்தால் யாருடைய கருத்து என்று தெரியாது. அந்த இதழில் வந்த மொத்த மதிப்புரைகளையும் எண்ணி எழுதுங்கள். பன்னிரண்டு கேசட் மதிப்புரை என்பது முப்பதில் பன்னிரண்டா முந்நூறில் பன்னிரண்டா என்பதைப் பொறுத்தே அதற்கு அர்த்தம்.

ஒலிச் சொற்களைப் புரிந்துகொள்ளக் கருவியும் தெரிந்திருக்க வேண்டும். போர்ட்டாஸ்டூடியோ 144 கேசட்டை இரட்டை வேகத்தில் ஓட்டும். நான்கு தடமும் ஒரே திசையில் பதிவதால் திருப்பிப் போட முடியாது. 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். தடம் போதாதபோது மூன்றைக் கலந்து நான்காவதில் ஏற்றுவார்கள், ஒவ்வொரு ஏற்றத்திலும் இரைச்சல் கூடும், கூர்மை மங்கும். 'சேற்றுக்குள் கேட்பதுபோல்' என்று ஒரு விமர்சகர் எழுதினால், அது ரசனையா, இந்த இயந்திரக் காரணமா என்று பிரித்துப் பாருங்கள். மலேசியத் தமிழ் வானொலியான அன்றைய ரேடியோ 6இன் பாட்டைக் கேசட்டில் பிடித்து, அதிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்த வீடுகளுக்கு இது விளக்காமலே புரியும். அந்தக் காதோடு ஆல்பத்தைக் கேட்டுவிட்டு மதிப்புரையைப் படியுங்கள்.

பிழை அதிகம் நுழைவது ஆண்டில். அட்டையில் அச்சிட்ட மாதத்துக்கு முன்பே இதழ் கடைக்கு வந்துவிடுவதுண்டு; ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட சிறு ஃபேன்சைன்களில் பல நேரம் தேதியே இருக்காது. அப்போது உள்ளே இருக்கும் இசை நிகழ்ச்சி அறிவிப்பையும் புதிய வெளியீட்டு விளம்பரத்தையும் வைத்துக் காலத்தைக் கணியுங்கள், 'சுமார்' என்று சேர்த்தே எழுதுங்கள். மறுவெளியீடு இன்னொரு பொறி. பாடகர் டேனியல் ஜான்ஸ்டன் 1983இல் தானே கேசட்டாக வெளியிட்ட 'ஹாய், ஹவ் ஆர் யூ' 1988இல் ஹோம்ஸ்டெட் நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தது. தட்டு மதிப்புரையைப் படித்துவிட்டு அதை எண்பதுகளின் இறுதி இசை என்று பதிந்தால் வரிசை முழுவதும் சாயும். பதிவான ஆண்டு, வெளியான ஆண்டு, மதிப்புரை வந்த ஆண்டு மூன்றுக்கும் தனிக் கட்டம் போடுங்கள்.

அச்சுப் பிரதி கைக்குக் கிடைத்தால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பொடி எழுத்துப் பத்திகளுக்கு 600. கைப்பேசியில் எடுப்பதானால் பகல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம், பக்கத்தின் நான்கு மூலையும் படத்துக்குள் வர வேண்டும். கோப்பின் பெயரிலேயே இதழ், ஆண்டு, எண், பக்கம் என்ற வரிசையில் எழுதிவிடுங்கள்.