நூறு பேருக்குப் பாரம்பரிய அரிசி விருந்து: ஊர் கூடி நடத்தும் முறை

மாப்பிள்ளைச் சம்பாவை ஆசையாக வாங்கிப் போய், பொன்னிக்கு வைக்கிற மாதிரி குக்கரில் மூன்று விசில் விட்டு, வேகவில்லை என்று ஓரங்கட்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பதினைந்து ரகத்தைக் கிண்ணங்களில் அடுக்கிப் பார்வைக்கு வைப்பதால் இது மாறாது. மூன்றே ரகம் எடுத்துச் சமைத்துப் போட்டு, பக்குவத்தையும் சொல்லி அனுப்புங்கள்.

விருந்தை நடத்த எட்டுப் பத்துப் பேர் போதும். நெல்லை விளைவித்தவர் ஒருவரும், இந்த அரிசிகளை வடித்துக் கைப்பழக்கம் உள்ள அம்மா ஒருவரும் அதில் கட்டாயம் இருக்கட்டும். சமையல் மாஸ்டரிடம் மட்டும் விட்டால் பொன்னிக் கணக்கில்தான் தண்ணீர் வைப்பார். சாப்பாட்டுக்குச் சிறு தொகையாவது வாங்குங்கள். இலவசம் என்றால் கூட்டம் வரும், அரிசி விற்காது.

சம்பா அறுவடை தையில் முடிவதால் பலரும் மாசியில் தேதி குறிப்பார்கள். ஆனால் புது அரிசி குழையும். ஆறு மாதமாவது இருப்பில் இருந்த நெல்லாகக் கேளுங்கள். 100 கிலோ நெல்லுக்கு 60 முதல் 65 கிலோ அரிசி தேறும். மில்லில் முன்பு ஓடிய ரகம் மெஷினுக்குள் தங்கியிருக்கும் என்பதால் முதலில் விழும் சில கிலோவைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். கருப்புக் கவுனியில் நாலு வெள்ளை அரிசி தெரிந்தாலே கலப்படம் என்பார்கள்.

கஞ்சிக்கு மாப்பிள்ளைச் சம்பா நொய் 3 கிலோ. இரவே ஊறவைத்து, காலையில் ஒன்றுக்குப் பத்துத் தண்ணீரில் அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். ஆறிய பிறகே மோரும் உப்பும். சூட்டில் ஊற்றினால் மோர் திரிந்து கஞ்சி நீர்த்துவிடும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் 2 கிலோ போதும்.

சோற்றுக்குத் தூயமல்லி 8 கிலோ. ஒரே அண்டாவில் போட்டால் அடி குழைந்து மேல் அரிசி விறைப்பாக நிற்கும். நாலு நாலு கிலோவாக இரண்டு பாத்திரத்தில் வடியுங்கள். தவிடு எவ்வளவு நீக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தண்ணீரும் ஊறும் நேரமும் மாறும். அதனால் அதே மூட்டையிலிருந்து ஒரு கிலோவை ஒரு வாரம் முன்பே வடித்துப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிப்புக்குச் செட்டிநாட்டுக் கவுனி அரிசி. கருப்புக் கவுனி 2.5 கிலோவை இரண்டு முறை அலசி, இரவு முழுக்க ஊறவையுங்கள். ஊறிய கருந்தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதையும் சேர்த்து ஒன்றுக்கு மூன்று என்று அளந்து, இரண்டு பெரிய குக்கரில் பிரித்து வேகவிடுங்கள். விரலால் நசுக்கினால் முழுக்க மசிய வேண்டும். அதற்கு முன் சர்க்கரை விழுந்தால் அரிசி விறைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் பயனில்லை. வெந்தபின் சர்க்கரை 2 கிலோ, தேங்காய்த் துருவல் எட்டுக் காய்க்கு, நெய் அரை கிலோ.

விற்பனைக்கு அரை கிலோ பொட்டலமே நல்லது. முதன்முறை வாங்குகிறவர் அதற்குமேல் துணியமாட்டார். சீட்டில் ரகம், விளைந்த ஊர், அரைத்த தேதி, ஊறும் நேரம், தண்ணீர் அளவு எல்லாம் இருக்க வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும். அரைத்த தேதி அதற்காகத்தான்.

பயிரிட விரும்புகிறவர்களுக்கு விதைநெல்லும் வையுங்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் முன்னெடுத்த நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கம். அதே கணக்கை வைத்துக்கொண்டு, வாங்கியவர் பெயரையும் ரகத்தையும் நோட்டில் எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் 100 நெல்லை ஈரச் சாக்கில் கட்டி முளைப்புப் பாருங்கள். 80-க்குக் குறைந்தால் அந்த மூட்டையை மில்லுக்கே அனுப்பிவிடலாம்.