கணவர், மனைவி விசாவுக்குக் காத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர்வதற்குக் குடியேற்ற விசா கேட்பவர், இந்தியாவில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நேர்காணலுக்கு மும்பைக்குத்தான் வர வேண்டும். சென்னையில்தான் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று பலரும் கேட்பார்கள். சுற்றுலா, படிப்பு, வேலை விசா என்றால் அங்கே போகலாம். குடியேற்ற விசா மட்டும் இங்கே, பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில். மும்பைக்காரர்களுக்கு பிகேசி. அதனால் செம்பூர், மாட்டுங்கா, சயான் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து ஒரு பைலோடு வந்து இரண்டு மூன்று நாள் தங்கிப் போகும் புதுப்பெண்களும் மாப்பிள்ளைகளும் பழக்கமானவர்கள். எங்கள் வீட்டிலும் தங்கியிருக்கிறார்கள்.

வருகிற எல்லோருக்கும் பயம் நேர்காணலைப் பற்றித்தான். அது பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிக்கல் வருவது அதற்கு முந்தைய மாதங்களில் செய்ததாலும், செய்யாமல் விட்டதாலும். "இனி நம் கையில் ஒன்றுமில்லை, அவர்கள் கூப்பிடும்போது போவோம்" என்று உட்கார்ந்துவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

வழி இதுதான். அமெரிக்காவில் இருப்பவர் ஐ-130 என்ற மனுவை யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறைக்குப் போடுகிறார். அது ஏற்கப்பட்டதும் கோப்பு என்விசி என்ற தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கே கட்டணம் கட்டி, டிஎஸ்-260 விண்ணப்பம் நிரப்பி, வருமானச் சான்றும் மற்ற ஆவணங்களும் ஏற்ற வேண்டும். எல்லாம் சரி என்று அவர்கள் சொன்ன பிறகே மும்பையில் நேர்காணல் தேதி வரும். மொத்தமும் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சாதாரணம்.

கல்யாணமான கையோடு வேலையை விடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். "எப்படியும் ஆறு மாதத்தில் போய்விடுவாள், எதற்கு வேலை?" என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் மனுவே நகர்ந்திருக்காது. அந்தப் பெண் வேலையும் இல்லாமல், கணவரும் பக்கத்தில் இல்லாமல், புகுந்த வீட்டில் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருப்பாள். "விசா வந்துவிட்டதா?" என்ற கேள்வியை ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பது காத்திருப்பவருக்குத்தான் தெரியும். வேலையில் இருந்தால் கையில் பணமும் இருக்கும், நாளும் ஓடும்.

விசா கையில் வருவதற்கு முன்னால் வேலையை விடாதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள், விமான டிக்கெட் போடாதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையே விசா வரும்வரை பயண ஏற்பாடு செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மாமியார், மாமனார்களும் இதைப் படித்தால் நல்லது.

எந்த வரிசையில் நிற்கிறோம் என்று தெரியாமல் இருப்பது

மனு போட்டவர் அமெரிக்கக் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா? குடிமக்களின் கணவர், மனைவிக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு எஃப்2ஏ என்ற பிரிவு. அதற்கு ஆண்டுக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு மாதமும் வெளியாகும் விசா புல்லட்டினில் உங்கள் மனுத் தேதிக்கு முறை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சீக்கிரம் வந்தது, நமக்கு ஏன் வரவில்லை என்று மனம் நொந்துகொள்வதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே பிரிவா என்று பாருங்கள்.

காத்திருக்கும் காலத்திலேயே கணவர் குடியுரிமை வாங்கிவிட்டால், குடியுரிமைச் சான்றின் நகலோடு அதைத் தெரிவிக்க வேண்டும். தானாக மாறிவிடும் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. எஃப்2ஏ மனுவில் அம்மாவோடு குழந்தையும் சேர்ந்தே போகலாம். குடிமகனின் மனைவி என்ற பிரிவுக்கு மாறிவிட்டால் அது முடியாது. குழந்தைக்குத் தனியாக ஒரு ஐ-130 போட வேண்டும். நல்ல செய்தி என்று இனிப்பு கொடுத்த வீட்டில், அம்மாவுக்கு நேர்காணல் வந்து குழந்தைக்கு வராமல் நின்றால் எப்படி இருக்கும்? பிரிவு மாறிய அன்றே குழந்தையின் மனுவைப் பற்றியும் கேளுங்கள். அப்பா குடிமகனாக இருக்கும்போது குழந்தை இந்தியாவில் பிறந்தால் கதை வேறு. அப்பா அமெரிக்காவில் எத்தனை வருடம் வாழ்ந்தார் என்பதைப் பொறுத்து, அந்தக் குழந்தை பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்கலாம். அப்போது அதற்குத் தேவை விசா இல்லை, பாஸ்போர்ட்.

பெயரும் இனிஷியலும்

நம்மவர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. வடக்கத்தியர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்று எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி ஓடும். நமக்கு அப்படியில்லை. பெண்ணின் பெயர் கவிதா, அப்பா பெயர் சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் எஸ். கவிதா. பாஸ்போர்ட்டில் கவிதா சுப்பிரமணியன். திருமணப் பதிவில் கவிதா மட்டும், ஆதாரில் கணவர் பெயரோடு ஒரு கவிதா. நமக்கு நாலும் ஒருத்திதான். அங்கே கோப்பைப் பார்ப்பவருக்கு நான்கு பேர்.

ஐ-130 போடும் முன்பே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயர், எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்துங்கள். திருத்த முடியாததற்கு, எல்லாம் ஒரே நபர்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வையுங்கள். இதுவரை வேறு எந்தப் பெயரில் இருந்தீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். அதைக் காலியாக விடுவது வீண் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. உங்கள் ஒரே பெயர் விசாவில் குடும்பப் பெயராகப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்ற பொருளில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து வரும். அது வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று போகிற இடமெல்லாம் கூடவே வந்து தொல்லை கொடுக்கும். காத்திருக்கும் மாதங்களில் பாஸ்போர்ட்டை இரண்டு பெயரோடு திருத்தி வாங்கிவிடுங்கள். புது எண்ணை என்விசிக்குச் சொல்லி, நேர்காணலுக்குப் பழையதையும் கொண்டு போங்கள்.

காகிதங்களைக் கடைசி நேரத்துக்கு விடுவது

கோயிலில் கொடுத்த ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் திருமணச் சான்று ஆகாது. அரசுப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும். மாட்டுங்காவில் கல்யாணம் நடந்தால் மாநகராட்சி வார்டு அலுவலகம் இருக்கிறது. தமிழில் இருக்கும் ஆவணத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வைக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? 'பெண் குழந்தை' என்று மட்டும் போட்டு, பெயர் சேர்க்காமலே முப்பது வருடம் பீரோவில் கிடக்கும் சான்றிதழ்கள் நிறைய உண்டு. பெயரைச் சேர்த்து வாங்குங்கள். பிறப்புப் பதிவே இல்லையென்றால், பதிவில்லை என்று உள்ளாட்சி அலுவலகம் தரும் சான்றும், அதற்குத் துணையாகப் பள்ளிச் சான்று, பெற்றோர் பிரமாணப் பத்திரம் போன்றவையும் வேண்டும். இதற்கு ஊருக்கு அலைய வேண்டியிருக்கும்.

போலீஸ் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் தருவதுதான் செல்லும். உள்ளூர் ஸ்டேஷன் கடிதம் போதாது. பதினாறு வயதுக்குப் பிறகு சிங்கப்பூரிலோ துபாயிலோ குவைத்திலோ ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் தேவை. ஊர் திரும்பிய பிறகு அதை வாங்கக் கைரேகை, தூதரகம் என்று நாள் பிடிக்கும் என்பதால் முதலில் தொடங்க வேண்டியதே இதுதான்.

இன்னொன்று: கோப்பு என்விசிக்கு வந்த பிறகு ஒரு வருடம் எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டால் பதிவே ரத்தாகலாம். மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

நடுவில் சுற்றுலா விசா

பிரிவு தாங்காமல் எல்லோருக்கும் வரும் யோசனை இது. கேட்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. கணவர் அங்கே, குடியேற்ற மனு நிலுவையில் என்றால் அதை நம்பவைப்பது மிகக் கடினம். மறுக்கப்பட்டால் வருத்தம்தான், குடியேற்ற மனு அதனால் மட்டும் கெடாது.

கெடுப்பது பொய். சுற்றுலா விசாவுக்கான டிஎஸ்-160 விண்ணப்பத்தில், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று நேராகவே கேட்கிறார்கள். "இல்லை என்று போடுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது?" என்று சொல்லும் ஏஜெண்டுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உண்மையை மறைத்தது தெரிந்தால் வாழ்நாள் தடை வரை போகும், பிறகு அதற்கு விலக்கு கேட்டு அலைய வேண்டும். காசு வாங்கிக்கொண்டு வரிசையில் முன்னால் தள்ளிவிடுகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். அந்த அதிகாரம் எந்த ஏஜெண்டுக்கும் கிடையாது.

அதற்குப் பதில், அங்கே இருப்பவர் இங்கே வந்து போகலாம். அவர் வரும் ஒவ்வொரு முறையும் டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, சேர்ந்து எடுத்த படங்கள் எல்லாம் திருமணம் உண்மையானது என்பதற்குச் சாட்சி. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்தில் முன்பழக்கம் குறைவாக இருப்பது தவறில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. மண்டப ஆல்பம் மட்டும் போதாது. பணம் அனுப்பிய விவரம், போன் பேசிய பதிவு, நாமினியில் ஒருவர் பெயரை ஒருவர் போட்டது ஆகியவற்றைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள்.

வருமானம்

ஐ-864 என்ற பொறுப்புப் பத்திரத்தில், அமெரிக்காவில் இருப்பவர் தன் குடும்ப அளவுக்கான வறுமைக்கோட்டு வரம்பில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். குறைந்தால் கூட்டாக ஒருவர் பொறுப்பேற்கலாம். ஆனால் அவரும் அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். மதுரையில் இருக்கும் மாமனார் ஆக முடியாது. அமெரிக்கக் குடிமகன் மனைவியோடு இங்கேயே வேலை பார்க்கிறார் என்றால், அங்கே திரும்பிக் குடியேறப் போவதற்கான ஆதாரமும் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருந்த வருடங்களிலும் குடிமக்கள் அங்கே வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதைப் பலர் இந்தக் கட்டத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மெடிக்கலும் நேர்காணலும்

தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே பரிசோதனை. நேர்காணலுக்கு முந்தைய நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள். எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் மூன்று நாள் சளி எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்கு எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள், சிகிச்சைக் காகிதங்களைக் கொண்டு வாருங்கள். குணமான நோய் தடையல்ல. மிகவும் முன்னாலேயே செய்துகொள்வதும் உதவாது. பரிசோதனை முடிவு செல்லும் காலம் பொதுவாக ஆறு மாதம், விசாவின் ஆயுளும் அதை ஒட்டித்தான்.

நேர்காணலுக்கு அசல் ஆவணங்கள் எல்லாம் வேண்டும். போனும் பெரிய பையும் உள்ளே விட மாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் மழையைக் கணக்கில் வைத்து முதல் நாளே மும்பைக்கு வந்துவிடுங்கள். சயான், குர்லா தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் லோக்கல் ரயில் நிற்கும், டாக்ஸியும் நகராது. கேள்விகளுக்கு மனப்பாடம் செய்யாதீர்கள். கணவர் என்ன வேலை செய்கிறார், எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்பதற்கு யாரும் எழுதிக் கொடுத்த பதில் தேவையில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

221 ஜி என்று ஒரு தாளைக் கொடுத்தால் உடைந்துபோகாதீர்கள். ஏதோ ஒரு காகிதம் குறைகிறது, அல்லது மேற்கொண்டு பரிசீலிக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்டதை மட்டும், கேட்ட முறையில், ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

விசா வந்த பிறகு ஒரு தேதி மட்டும் பாக்கி. அமெரிக்காவில் இறங்கும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால், கிடைப்பது இரண்டு வருட நிபந்தனைக் கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். இரண்டாம் திருமண நாள் ஒன்றிரண்டு வாரத்தில் வருகிறது, விசாவும் அதற்கப்புறம் செல்லும் என்றால், அந்த நாள் தாண்டிப் பயணம் செய்து, விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றைக் காட்டி நிபந்தனையில்லாத அட்டை கேளுங்கள். இந்த மனு வேலையே மிச்சமாகும்.