எட்டு வருடம் கழித்துக் கராத்தே: முழங்கால் வலி போன விதம்

எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு போன மாசியில் திரும்பவும் ஷொட்டோகான் என்ற கராத்தே பாணியின் வகுப்புக்குப் போனேன். முதல் கிழமையே வலது முழங்கால் வீங்கிவிட்டது. பழைய ஞாபகத்தில் சென்குட்சு நிலையில் (முன்காலை மடித்து, பின்காலை நீட்டி நிற்பது) அளவுக்கு மீறித் தாழ இறங்கியதுதான் பிழை. முழங்கால் உள்ளே சரிவதை மாஸ்டர் கையால் தொட்டுக் காட்டினார்.

சரி என்று இரண்டு கிழமை உதைகளை நிறுத்தி வைத்தேன். விடிய ஐந்தரைக்கு, வெயில் ஏற முன், முற்றவெளியில் ஹெய்யான் ஷோடான் என்ற ஆரம்பநிலைக் கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) மட்டும். அதன் 21 அசைவுகளையும் குறுகிய அடி வைத்து, மெதுவாக. முழங்கால் பாதத்தின் நடுவிரலுக்கு நேரே நிற்கிறதா என்று ஒவ்வோர் அடிக்கும் குனிந்து பார்ப்பேன். அலுப்பான வேலைதான், ஆனால் எனக்கு அதுதான் பலித்தது. அப்புறம் கிழமைக்குக் கிழமை அடியைக் கொஞ்சம் நீட்டினேன்.

சித்திரையில் ஒருநாள் முழு வகுப்பையும் வலியில்லாமல் செய்து முடித்தேன். அன்று பெல்ட்டை அவிழ்க்கவே மனம் வரவில்லை.