காட்டன் மாதர் பத்தி பசங்களுக்கு எப்படி சொல்லிக்கொடுக்கிறது

பினாங்குல ஃபார்ம் ஃபோர் (16 வயசு) பசங்கள வச்சு வரலாறு கிளாஸ் எடுக்கிறவங்களுக்கு இது. காட்டன் மாதர் அமெரிக்காவுல போஸ்டன்ல இருந்த பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) பாதிரியார், 1663ல பொறந்து 1728ல செத்தாரு, இத போர்டுல ஒரு ஓரத்துல எழுதிட்டு நேரா 1721க்கு போயிடுங்க.

அந்த வருஷம் போஸ்டன்ல பெரியம்மை, 844 பேரு செத்தாங்க. அம்மை வந்தவன் கொப்புளத்து சீழ எடுத்து நல்லா இருக்கிறவன் கையில கீறி வச்சா லேசா வந்து போயிடும்னு மாதர் சொன்னாரு, பாய்ல்ஸ்டன்னு ஒரு டாக்டர் மட்டும்தான் துணிஞ்சு செஞ்சாரு. 240 பேருக்கு மேல குத்தினதுல 6 பேருதான் செத்தாங்க, குத்திக்காம தானா அம்மை வந்தவங்கள்ல 100க்கு 14 பேரு செத்தாங்க. இந்த கணக்க நீங்க சொல்லாதீங்க, பசங்களையே போடச் சொல்லுங்க. ஊருக்கு அவ்ளோ கோவம், மாதர் வீட்டு ஜன்னல் வழியா குண்டே வீசினாங்க, நல்லவேளை வெடிக்கல.

இப்ப முக்கியமான இடம், இங்க அவசரப்படாதீங்க. அந்த வைத்தியம் அவருக்கு எப்படி தெரிஞ்சுச்சுன்னு கேளுங்க. ஒனிசிமஸ்னு ஒரு ஆப்பிரிக்க அடிமை, 1706ல மாதரோட சர்ச் சபைக்காரங்க வாங்கி அவருக்கு அன்பளிப்பா குடுத்த மனுஷன், தன் கையில இருந்த தழும்ப காட்டி ஊர்ல இப்படி செய்வோம்னு சொன்னவரு அவருதான். பாய்ல்ஸ்டன் முதல்ல குத்தினது தன் 6 வயசு மகனுக்கு, கூடவே வீட்டுல இருந்த அடிமை ஒருத்தருக்கும் அந்த அடிமையோட குட்டிப் பையனுக்கும். அவங்கள யாரு சம்மதம் கேட்டாங்க? பசங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தா இருக்கட்டும், நீங்க பதில் எடுத்துக் குடுக்காதீங்க.

அதுக்கப்புறம்தான் 1692, சேலம் (நம்ம தமிழ்நாட்டு சேலம் இல்ல, போஸ்டன் பக்கத்துல இருக்கிற ஊரு). சூனியக்காரங்கன்னு 19 பேர தூக்குல போட்டாங்க. ஆவி வந்து தொல்ல பண்ணுச்சுங்கிற சாட்சிய மட்டும் நம்பாதீங்கன்னு மாதரே எழுதினாரு, ஆனா அதே வருஷம் அந்த கோர்ட்ட ஆதரிச்சு புத்தகமும் போட்டாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அம்மையில காப்பாத்தினத சேலத்துல இருந்து கழிச்சு கணக்கு முடிக்க மட்டும் விடாதீங்க, ஏன்னா அங்க செத்தவங்க வேற, இங்க பொழச்சவங்க வேற.

இதே மாதிரி நம்ம ஊரு ஆளையும் ரெண்டு பக்கமும் பார்க்கலாம், முடிஞ்சா அடுத்த வாரம் பசங்கள பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டைக்கு கூட்டிட்டுப் போங்க. பினாங்குத் தீவ கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்த பிரான்சிஸ் லைட் சிலை முன்னாடி நிக்க வச்சு, 1786ல கெடா சுல்தான் எதிர்பார்த்த ராணுவ உதவிய கம்பெனி குடுத்துச்சா, 1791ல சுல்தான் ஏன் தீவ திரும்பப் பிடிக்கப் பார்த்தாருன்னு தேடி எழுதிட்டு வரச் சொல்லுங்க.