பைத்தான் லைப்ரரியில் பழைய ஃபங்ஷனைப் படிப்படியாக நீக்குவது எப்படி?

உங்கள் லைப்ரரியில் ‘கணக்கிடு’ என்ற ஃபங்ஷனை ‘வரி_கணக்கிடு’ என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம் (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், ஓட்டிப் பாருங்கள்). பழையதை அழித்துவிட்டு ரிலீஸ் செய்தால் அதை நம்பியிருப்பவர்களின் கோடு (code, நிரல்) எல்லாம் உடையும். அதனால் கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும்.

படி 1: வேலை முழுவதையும் புதிய ஃபங்ஷனுக்கு மாற்றிவிட்டு, பழையது புதியதை அழைத்தால் மட்டும் போதும் என்று வையுங்கள். ஒரே லாஜிக் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றில் பக் சரியாகும், இன்னொன்றில் அப்படியே கிடக்கும்.

படி 2: பழையதற்குள் ‘வார்னிங்ஸ்.வார்ன்’ (warnings.warn, ஓடும்போது எச்சரிக்கை காட்டுவது) சேருங்கள். எது போகிறது, பதிலுக்கு எதை எழுத வேண்டும், எந்த வெர்ஷனில் போகும் என்று செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். ‘விரைவில் நீக்கப்படும்’ என்றால் யாரும் அசைய மாட்டார்கள். ‘ஸ்டாக்லெவல்’ (stacklevel) மதிப்பை 2 என்று கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அழைத்தவரின் கோடில் உள்ள வரியைக் காட்டாமல் உங்கள் ஃபைலின் வரியையே காட்டும், அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

படி 3: எந்த வகை வார்னிங் என்று முடிவு செய்யுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ‘டெப்ரிகேஷன்வார்னிங்’ (DeprecationWarning, ‘இது நீக்கப்படப் போகிறது’ என்ற வகை) வழக்கமாகக் கண்ணில் படாது. நேரடியாக ஓட்டும் ஸ்கிரிப்டிலேயே பழைய அழைப்பு இருந்தால் தெரியும், பைடெஸ்ட் (pytest, டெஸ்ட் ஓட்டும் கருவி) காட்டும், வேறொரு லைப்ரரிக்குள் இருந்தால் பைத்தான் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். நம்பை (NumPy, எண் கணக்குகளுக்கான லைப்ரரி) ‘என்பி.இன்ட்’டை (np.int, பைத்தானின் int-க்கு அது வைத்திருந்த இன்னொரு பெயர்) நீக்கியபோது நடந்ததைப் பாருங்கள்: 2021 ஜனவரியில் வந்த 1.20 வெர்ஷனிலிருந்து இந்த வகை வார்னிங் இருந்தது, 2022 டிசம்பரில் 1.24 வந்து அதை எடுத்துவிட்டதும், கிட்டத்தட்ட இரண்டு வருடம் அவகாசம் இருந்தும், ஏகப்பட்ட கோடு உடைந்தது. சாதாரணப் பயனர்களும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், குறைந்தது கடைசி ரிலீஸிலாவது ‘ஃபியூச்சர்வார்னிங்’குக்கு (FutureWarning, எப்போதும் கண்ணில் படும் வகை) மாறுங்கள்.

படி 4: வார்னிங் வந்தாலே எர்ரராக நிற்கும்படி உங்கள் டெஸ்டுகளை ஓட்டுங்கள். உங்கள் லைப்ரரியே உள்ளுக்குள் பழையதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்!

படி 5: அடுத்த மேஜர் வெர்ஷனில் நீக்குங்கள், ஆனால் பெயரைச் சுவடே இல்லாமல் துடைக்க வேண்டாம். பைத்தான் 3.7 முதல் மாட்யூலுக்கே ‘கெட்அட்ர்’ (__getattr__, இல்லாத பெயரைக் கேட்டால் ஓடும் ஃபங்ஷன்) எழுதலாம். யாராவது பழைய பெயரைக் கேட்டால் ‘அது இல்லை, வரி_கணக்கிடு பயன்படுத்துங்கள்’ என்று எர்ரரிலேயே சொல்லலாம். நம்பை 1.24 வரிசையின் பிந்தைய ரிலீஸ்களில் வரும் எர்ரரும் மாற்று வழியைச் சொல்லித்தான் நிற்கும், அதனால் உடைந்த கோடைச் சரிசெய்யப் பெரும்பாலும் அந்தச் செய்தியே போதும்.