“கேஸ் குறைஞ்சிருக்கு” என்று மகிழ்வதற்கு முன்னால்: வீட்டு வன்முறையில் தாராவித் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சால்களில் (வரிசைக் குடியிருப்புகளில்) பல வருடமாக மகிளா மண்டல் என்ற பெண்கள் குழுவில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் பல வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒரே ஒரு தகரச் சுவர். ஒரு வீட்டில் அடி விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்படியிருந்தும் வார்டுக் கூட்டத்தில் பாதுகாப்பு என்ற பேச்சு எடுத்தால் சிசிடிவி, தெருவிளக்கு, சந்து முனையில் நிற்கும் பையன்கள் என்றே போகும். அதெல்லாம் தேவைதான். ராத்திரி பொதுக் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு இல்லாவிட்டால் என்ன பாடு என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கதவுக்கு உள்ளே நடப்பதை யாரும் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. “அது அவங்க குடும்ப விஷயம்” என்று ஒதுக்கிவிடுகிறோம். இதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுவது. ஒரு கூட்டத்தில் ஓர் அண்ணன், “இந்த வருஷம் நம்ம ஏரியாவில் கேஸ் குறைஞ்சிருக்கு” என்று நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார். நாங்களும் கைதட்டினோம். அப்புறம் விசாரித்தால், பெண்கள் போய்ப் பேசும் ஓர் ஆலோசனை மையத்தில் மாதக்கணக்கில் ஆலோசகர் பதவி காலியாகக் கிடந்திருக்கிறது. ஆள் இல்லாத இடத்தில் புகார் எப்படி வரும்? அன்று கைதட்டியதை நினைத்தால் இன்னும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 29 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இது 38 சதவீதம். உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி தேடிப் போனவர்கள் வெறும் 14 சதவீதம். அதாவது பெரும்பாலானவர்கள் வாயே திறப்பதில்லை. அதனால் ஒரு மையம் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தால் முதலில் புகார் கூடத்தான் செய்யும். நகர்சேவக்கிடம் (மாநகராட்சி உறுப்பினரிடம்) “எத்தனை கேஸ்?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். ஆலோசகர் இடம் நிரம்பியிருக்கிறதா, ஆஸ்பத்திரியில் ஓபிடி (வெளிநோயாளர் நேரம்) முடிந்த பிறகு வரும் பெண்ணை யார் பார்ப்பார்கள், தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா, மையத்துக்குப் பெண்களை அனுப்பியது ஆஸ்பத்திரியின் எந்தப் பிரிவு என்றும் கேளுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்விக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், மும்பையில் இந்தச் சேவையின் உயிரே அதில்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் பாந்த்ராவின் கே.பி. பாபா மாநகராட்சி மருத்துவமனையில், மாநகராட்சியும் சேஹத் என்ற அமைப்பும் சேர்ந்து ‘திலாசா’ என்ற மையத்தைத் தொடங்கின. பின்னால் அது மாநகராட்சியின் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. அடி வாங்கிய பெண் போலீசுக்குப் போகமாட்டாள், வக்கீலிடமும் போகமாட்டாள், ஆனால் காயத்துக்குக் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. மருந்து குடித்துவிட்டு வருபவள், கர்ப்பத்தில் அடிபட்டு வருபவள், மாதம் ஒருமுறை “படியில் விழுந்துட்டேன்” என்று வருபவள், இவர்களைப் பார்த்ததும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் பொறி தட்ட வேண்டும். அவர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். கேஷுவாலிட்டியிலிருந்து ஒருவரைக்கூட அனுப்பவில்லை என்றால், அங்கே யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். பயிற்சி கொடுத்து எத்தனை நாளாகிறது என்று அடுத்ததாகக் கேட்க வேண்டும்.

எதை யாரிடம் கேட்பது என்பதிலும் குழம்பிவிடுகிறோம். போலீஸ் மாநில உள்துறையின் கீழ் வருகிறது. வீட்டு வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அதிகாரியும் (அடிபட்ட பெண் மாஜிஸ்திரேட்டிடம் போக உதவுபவர்) மாநில அரசின் ஆள்தான். மகளிர் குழந்தைகள் நலத் துறை நியமிக்க வேண்டும். மாநகராட்சியின் கையில் இருப்பவை அதன் ஆஸ்பத்திரிகள், அங்குள்ள திலாசா மையங்கள், சுகாதாரப் பணியாளர்கள், விளக்கு, கழிவறை. போலீஸ் எஃப்ஐஆர் போடாமல் என்சி என்ற வெறும் பதிவு மட்டும் போட்டதற்கு நகர்சேவக்கிடம் சண்டை போட்டால் அவர், “அது என் கையில் இல்லை” என்பார், அது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரி மையம் பூட்டிக் கிடந்தால் அப்படிச் சொல்லி அவர் நழுவ முடியாது. மாநகராட்சி மன்றத்தில் மகளிர் குழந்தைகள் நலக் குழு என்றே ஒன்று இருக்கிறது. 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் கிட்டத்தட்ட நான்கு வருடம் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் நிர்வாகிதான் நடத்தினார். 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடந்தது. அந்த இடைவெளியில் கேட்கப்படாத கேள்விகளை இப்போதாவது கேட்க வைக்க வேண்டும். தாராவிக்கு அது தாதரில் இருக்கும் ஜி நார்த் வார்டு ஆபீஸில் தொடங்கும். வாயால் கேட்டுப் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பாதுகாப்பு அதிகாரி விஷயத்தில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு ஆறு வாரக் கெடு வைத்து நியமிக்கச் சொன்னது. 2005-இல் வந்த சட்டத்துக்கு இந்த நிலை.

கேட்கும்போது ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பெயர், முகவரி, எந்தச் சால் என்று கேட்கவே கூடாது. மையம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எண்ணிக்கையும் வசதியும் தெரிந்தால் போதும். எங்கள் பக்கம் ஒரு பெயர் வெளியே வந்தால் சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். நகர்சேவக் ஆபீஸில் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண்ணை நிறுத்தி “சொல்லும்மா, என்ன பிரச்சினை” என்று கேட்பதும் இதே தவறுதான்.

சங்கத்துப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப்பெயரில் சங்கம் வைத்து, சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடி வருபவர்கள் நீங்கள். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இருவரையும் பாயில் உட்காரவைத்து, “அவன் கோபக்காரன், நீயும் கொஞ்சம் வாயை அடக்கு” என்று பேசி, முத்திரைத்தாளில் “எனக்குப் புகார் இல்லை” என்று அவளிடம் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில்கூட, அடித்ததற்கு நியாயம் சொல்ல அவனை அனுமதிக்கக் கூடாது என்று வீட்டு வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகள் சொல்கின்றன. நம் பாயில் முதல் அரைமணி நேரமும் அவன் நியாயம்தானே ஓடுகிறது! “பொறுத்துப் போ, பிள்ளைகளுக்காக” என்று நானே ஓர் அக்காவிடம் ஆரம்ப நாட்களில் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை அவளை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

போலீஸ் ஸ்டேஷன் போனவர்கள் “என்சி போட்டாச்சு” என்று நிம்மதியாகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். என்சி என்பது எஃப்ஐஆர் இல்லை. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. எஃப்ஐஆர் போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். அப்புறம், ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கும் பெண்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2005 வீட்டு வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி மூலமாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாதுகாப்பு, வீட்டில் குடியிருக்கும் உரிமை, பணம், பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மனுவில் கேட்கலாம். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம்வரை சிறை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கூட நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் சொல்லலாம், அவர் மேல் எந்தப் பொறுப்பும் வராது என்று 4-ஆம் பிரிவில் இருக்கிறது. இது எங்கள் சாலில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது.

மொழி விஷயத்தில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து ரெண்டு வருடமான பெண்ணுக்கு மராத்தி தெரியாது, இந்தியும் அரைகுறை. அவளுக்கு மொழிபெயர்க்க நாத்தனாரை அனுப்புகிறோம், இல்லையென்றால் எட்டு வயது மகனை. நாத்தனார் பாதியை விழுங்கிவிடுவாள். பையனோ, அம்மா பட்டதைத் தன் வாயால் சொல்லிவிட்டு ராத்திரி தூங்காமல் கிடப்பான். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண்ணை அனுப்புங்கள். எழுதியதைப் படித்துக் காட்டி, தமிழில் விளங்கும்வரை கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

“ஊருக்கு அனுப்பிடலாம்” என்று உடனே முடிவெடுப்பதும் யோசிக்க வேண்டியது. உயிருக்கு ஆபத்து என்றால் அன்றைக்கே அனுப்புங்கள்; தற்காலிகமாகத் தங்கும் இடத்திலும் அவள் வழக்குப் போடலாம். மற்ற நேரத்தில், கோலியை (குடியிருக்கும் அறையை) விட்டு இறங்கினால் பிள்ளைகளின் ஸ்கூல், அவள் வேலை, ரேஷன் எல்லாம் போகிறது. கோலி கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் அங்கே வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடும் இதில் வரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாராவி மறுமேம்பாட்டுக்கு எல்லோரும் காகிதம் தேடிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், அவள் பெயர் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது, பயத்தில் “விழுந்துட்டா” என்று நாமே சொல்லிவிடுகிறோம். பிறகு கோர்ட்டில் அந்தத் தாள்தான் அவளுக்கு எதிராக நிற்கும். கேஸ் பேப்பரில் யார், எதால் அடித்தார் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். முதலில் புகார் கொடுத்துவிட்டு வா என்று சிகிச்சையை மறுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. கட்டுப்போட்டதும் திலாசா எங்கே என்று கேட்டு, அவளோடு கதவுவரை போய், வெளியே உட்காருங்கள். உள்ளே அவள் தனியாகப் பேசட்டும். ராத்திரி என்றால் 112, பெண்கள் உதவிக்கு 181, பணமில்லாமல் வக்கீல் வேண்டுமென்றால் 15100. பெண் என்றாலே இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானச் சான்று கேட்கக் கூடாது. இந்த எண்களைக் கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் தமிழில் ஒட்டி வைத்திருக்கிறோம். யாரும் எட்டிப் பார்க்காத ஒரே இடம் எங்களுக்கு அதுதான்.